புதுச்சிருஷ்டி என்றால் என்னவாக்கும்? டீச்சரிடம் கேள்வி பதில்

(கன்னியாகுமரி மாவட்டத்தில் பெரியவர்களுக்கான ஞானஸ்நான வகுப்பு எடுக்கும் டீச்சர் இன்று செவ்வாய் சாயங்காலம் பதில் சொல்கிறார். பெயர் வேண்டாம் என்பவர்கள் ஊர் மட்டும் போடுங்கள்.)

டீச்சர்: தொடங்குமுன் மூன்று காரியம். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை "ஜெபித்துவிட்டேன்" என்று நிறுத்தியவர்கள் முதலில் மாத்திரையைப் போடுங்கள், பிறகு கேள்வி கேளுங்கள். 18 வயது ஆகாத பிள்ளைகள் வீட்டுக்குத் தெரியாமல் கேட்டால் பதில் கிடையாது. எந்தச் சபை உசத்தி என்று யாரும் கேட்கக்கூடாது. மூன்றாவதை நீங்கள் கேட்கப்போவதில்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

தக்கலை: டீச்சர், ஞானஸ்நானம் எடுத்து மூணு மாசம் ஆச்சு. முதல் மாசம் தரையில கால் பாவல. இப்போ பழைய கோவம், பழைய எரிச்சல் எல்லாம் திரும்ப வந்தாச்சு. எனக்கு ஒண்ணும் நடக்கலியோன்னு தோணுது.

டீச்சர்: மூன்றாம் மாதம்தான் இந்தக் கேள்வி வரும். அதற்குக் காரணமும் உண்டு. முதல் மாதம் தினமும் ஒருவர் வீட்டுக்கு வந்து ஜெபிப்பார், கூட்டத்துக்கு அழைப்பார். பிறகு அவர்கள் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார்கள். நீங்கள் தனியாக நிற்பீர்கள். குறைந்திருப்பது கூட்டம். அதை விசுவாசம் குறைந்ததாக எண்ணிக்கொள்கிறீர்கள்.

"ஒருவன் கிறிஸ்துவுக்குள்ளிருந்தால் புதுச்சிருஷ்டியாயிருக்கிறான்" என்று பவுல் எழுதியது யாருக்கு? கொரிந்து சபைக்கு. ஒருவர்மேல் ஒருவர் கோர்ட்டில் வழக்குப் போட்ட சபை அது (1 கொரிந்தியர் 6). கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியாய் இருக்க ஒருவன் வெறியாய் இருந்தான் (11:21). அவர்களைப் பார்த்துத்தான் இரண்டாம் நிருபத்தில் இந்த வசனம் வருகிறது. அப்படியானால் அது உங்கள் மனநிலையை விவரிக்கும் வசனம் ஆகாது. தேவன் உங்களை இனி எந்தக் கணக்கில் வைத்திருக்கிறார் என்று சொல்கிற வசனம். உணர்ச்சி ஏறும், இறங்கும். கணக்கு மாறாது.

நம்மூர்க்காரருக்கு ரப்பர் தெரியும். ஒட்டுக்கட்டின கன்றில் மொட்டு வைத்த அன்றைக்கே அது புது இனம்தான். ஆனால் ஒட்டுக்குக் கீழே அடிக்கட்டையிலிருந்து பழைய துளிர் முளைத்துக்கொண்டே இருக்கும். பார்க்கப் பார்க்கக் கிள்ள வேண்டும். கிள்ளாமல் விட்டால் அதுதான் மரமாகும். பால் வெட்ட ஏழு வருஷம் போல ஆகும். மூன்று மாதத்தில் சிரட்டையைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாற்கு சுவிசேஷத்தின் 16 அதிகாரங்களும், நாளுக்கு ஒன்று. முடிந்ததும் ரோமர் 5 முதல் 8 வரை, ஒவ்வொரு அதிகாரத்தையும் இரண்டு நாள் வைத்துப் படியுங்கள். கூடவே ஒரு சங்கீதம். பத்து நிமிஷம் போதும், ஆனால் ஒரே நேரம், ஒரே இடம். ஆதியாகமத்திலிருந்து தொடங்கி ஒரே மூச்சில் முடிப்பேன் என்பவர்கள் பெரும்பாலும் லேவியராகமத்தில் படுத்துவிடுகிறார்கள். இரண்டாவது, உண்மையைச் சொல்ல ஒரே ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் (யாக்கோபு 5:16). ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். வாட்ஸ்அப் குழுவில் பாவ அறிக்கை செய்யாதீர்கள். மூன்றாவது, கோபத்தில் வார்த்தை விட்டால் அன்று பொழுது சாயுமுன் போய் மன்னிப்புக் கேளுங்கள் (எபேசியர் 4:26). "ஆண்டவரிடம் கேட்டுவிட்டேன்" என்று வீட்டுக்காரியை விட்டுவிடக்கூடாது.

குழித்துறை: ஞானஸ்நானம் எடுத்தா பேரு மாத்தணுமோ?

டீச்சர்: வேண்டாம். சவுல் மனம் திரும்பி பவுல் ஆனான் என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். தமஸ்கு வழியில் அவர் மனம் திரும்பியது அப்போஸ்தலர் 9-இல். 13-ஆம் அதிகாரம் வரை அவர் சவுல்தான். அங்கே 9-ஆம் வசனத்தில் "பவுல் என்று சொல்லப்பட்ட சவுல்" என்று வருகிறது. இரண்டுமே அவருக்கு இருந்த பெயர்கள். ரோமர் 16:14-இல் எர்மே என்று ஒரு விசுவாசி. கிரேக்க தேவனின் பெயர் அது. அப்பொல்லோவின் பெயரிலும் அப்படி ஒரு தேவன் இருக்கிறான். யாரும் மாற்றச் சொல்லவில்லை.

நம் மாவட்டத்தில் புதுப்பெயர் வாங்கியவர்களும் உண்டு. மயிலாடி மகாராசன் வேதமாணிக்கம் ஆனார். நட்டாலம் நீலகண்டன் 1745-இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் ஆனார். அது அவர்கள் விருப்பம், அந்தக் காலத்து வழக்கம். நீங்களும் விரும்பினால் சபைப் பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர் எழுதிக்கொள்ளலாம், ஆதார் பழையபடியே இருக்கலாம்.

அரசாங்கத் தாளிலும் மாற்றியே தீருவேன் என்றால், தமிழ்நாடு அரசிதழில் அறிவிப்பு வர வேண்டும். எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு விண்ணப்பம். மதம் மாறியதால் பெயர் மாற்றம் என்றால் ஞானஸ்நானச் சான்றிதழும் வைக்க வேண்டும். அரசிதழ் கைக்கு வந்தபின் ஆதார், பான், வங்கி என்று வரிசையாகப் போங்கள். கெட்டுப்போவது எழுத்துக்கூட்டில். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, சபை கொடுத்த தாளில் வேறொன்று. விண்ணப்பிக்குமுன் மூன்றையும் ஒரே மேசையில் வைத்து இனிஷியல் உட்பட ஒத்துப் பாருங்கள். ஒரு வருஷம் பொறுத்துச் செய்வது நல்லது.

இரணியல் பக்கம், பெயர் வேண்டாம்: டீச்சரம்மா, எனக்க வீட்டுக்காரரு ஞாயிற்றுக்கிழமை உபவாச ஜெபத்துல கையத் தூக்கினாரு. அன்னைக்கு ராத்திரியிலிருந்து குடிக்கல. பத்து வருஷமா தினசரி குடிதான். இப்போ அவரை விசுவாசத்துல நிறுத்த நான் என்ன செய்யணும்?

டீச்சர்: மக்களே, விசுவாசம் இருக்கட்டும், முதலில் உடம்பைப் பாருங்கள். தினமும் நிறையக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் ஆபத்து. ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைக்கும் புத்தி தடுமாறி, இல்லாததைப் பார்ப்பது, கேட்பது, காய்ச்சல். உயிர் போகிற கட்டம் அது. கணக்குப்படி நீங்கள் இப்போது அந்த வாசலில்தான் நிற்கிறீர்கள். இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மருந்து கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்கள், தயமின் என்கிற பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். மருந்து வாங்குவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியைக் காட்டுங்கள். 1838-இலேயே டாக்டரைக் கொண்டுவந்து வைத்தது மிஷன்தான்.

அது முடிந்தபிறகு மற்றது. சம்பளம் கைக்கு வருகிற நாளும், கடை இருக்கிற வழியும், பழைய கூட்டாளியின் போனும்தான் மூன்று குழி. சம்பள நாளில் நீங்களோ மகனோ கூடப் போங்கள். வழியை மாற்றுங்கள். மது அடிமைத்தனத்திலிருந்து மீண்டவர்கள் கூடும் ஏஏ கூட்டங்களுக்குப் போகட்டும், சபைக் கூட்டம் அதற்குப் பதில் ஆகாது. சாட்சி சொல்ல மேடையேற்ற வருவார்கள். ஒரு வருஷத்துக்கு அனுமதிக்காதீர்கள். சாட்சி சொன்ன மனுஷன் ஒருநாள் சறுக்கினால் வெட்கத்தில் சபைப்பக்கமே வரமாட்டான். சறுக்கினால் அன்றைக்கே சொல்லட்டும், மறுநாள் மறுபடி தொடங்கட்டும். பாவத்தை அறிக்கையிட்டால் மன்னிப்பு உண்டு என்கிற 1 யோவான் 1:9 விசுவாசிகளுக்கு எழுதினது.

மார்த்தாண்டம்: டீச்சர், பெயர் மாத்தாம இருந்தா ரட்சிப்பு உண்டா?

டீச்சர்: குழித்துறைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அகஸ்தீஸ்வரம்: எங்க குடும்பம் பட்டியல் சாதி. நான் மட்டும் ஞானஸ்நானம் எடுக்க விரும்புறேன். சர்டிஃபிகேட் என்ன ஆகும்? சும்மா ஆறுதல் சொல்லாம உள்ளதைச் சொல்லுங்க.

டீச்சர்: உள்ளதைச் சொல்கிறேன். 1950-இன் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் 3-ஆம் பத்திப்படி இந்து மதத்தவருக்கு மட்டும்தான் அந்தத் தகுதி இருந்தது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்தால் அந்தத் தகுதி போகும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். நீங்கள் மாறினால் உங்களுக்குத்தான் மாற்றம், அம்மா அப்பா தகுதி அப்படியே இருக்கும். பழங்குடியினருக்கு இந்த மத நிபந்தனை கிடையாது. பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணிக்காரர் கிறிஸ்தவரானாலும் பழங்குடியினர்தான்.

அடுத்து நீங்கள் கேட்காமல் விட்டதற்கும் பதில். "ஞாயிற்றுக்கிழமை கோயில், தாளில் பழையபடி" என்பது நடக்காது. 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் அதை அரசியலமைப்பின் மீதான மோசடி என்றே சொல்லிவிட்டது. வேலை போன பிறகு அழுது பயனில்லை. இந்தச் சட்டம் நியாயமா என்றால், என் கருத்தில் இல்லை. தண்ணீரில் மூழ்கினால் ஊர் பார்க்கிற பார்வை மாறிவிடுவதில்லை. 2022-இல் இதை ஆராய நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையமே போட்டார்கள். ஆனால் இன்றைக்கு முடிவெடுக்கிற நீங்கள் இன்றைய சட்டத்தைக் கணக்கில் வைத்து எடுங்கள். செலவைக் கணக்குப் பார்க்காமல் கோபுரம் கட்டத் தொடங்காதே என்று லூக்கா 14-இல் சொன்னவர் இயேசுதான். படிப்பு முடியட்டும் என்று காத்திருந்தால் தேவன் ஓடிப்போக மாட்டார். விசுவாசிப்பதற்கும் ஜெபிப்பதற்கும் எந்த தாசில்தார் அலுவலகமும் தேதி குறிப்பதில்லை.

திங்கள்சந்தை: கலெக்டர் ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கணுமா?

டீச்சர்: தமிழ்நாட்டில் இல்லை. 2002-இல் ஒரு மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004-இல் திரும்பப் பெற்றார்கள். வேறு சில மாநிலங்களில் உண்டு, அங்கே வேலை பார்ப்பவர்கள் அந்த ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள்.

கொட்டாரம்: அப்பா இந்து, நான் கிறிஸ்தவளாயிட்டேன். சொத்து கிடையாதுன்னு அண்ணன் மிரட்டுகான்.

டீச்சர்: உங்கள் பங்கு போகாது. மதம் மாறினதால் உரிமை போகாது என்பது 1850-ஆம் வருஷச் சட்டத்திலேயே வந்துவிட்டது. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டம் 26-ஆம் பிரிவை வாசியுங்கள். நீங்கள் மாறிய பிறகு பிறக்கிற பிள்ளைகளுக்கு இந்து உறவினர் சொத்தில் வாரிசுரிமை வராது. அப்பா உயில் எழுதினால் அது வேறு. இதற்கு மேல் வக்கீல் வேலை. சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச எண் 15100.

பளுகல்: நகையைக் கழட்டணுமா? பொட்டு வைக்கலாமா?

டீச்சர்: அது சபைக்குச் சபை மாறும் ஒழுங்கு. சுவிசேஷம் அதில் இல்லை. கழற்றச் சொல்கிற சபையில் சேர்ந்தால் கழற்றுங்கள். கழற்றியதை யார் கையில் கொடுக்கிறீர்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூத்தூர் பக்கம்: டீச்சர், எனக்க அண்ணன் 2017 ஒக்கி புயலுக்குப் பிறகு கடல்லேர்ந்து வரல. உடலும் கிடைக்கல. அம்மா இன்னும் அவனுக்கப் பேருக்கு பூசை வைக்க விடமாட்டா. வச்சா செத்தான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆவும்ங்குதா. இது நம்பிக்கையா, பிரமையா? உபதேசத்துல நம்பிக்கை நம்பிக்கைன்னு சொல்லுகாங்களே, எதைச் சொல்லுகாங்க?

டீச்சர்: உங்கள் அம்மாவைத் திருத்தப் போகாதீர்கள். முதலில் நடைமுறை. கத்தோலிக்க முறையில் திருப்பலி இறந்தவருக்கு மட்டும் ஒப்புக்கொடுப்பதில்லை, உயிரோடு இருப்பவருக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம். ஆகவே பங்குத்தந்தையிடம் போய், "இன்னாருக்காக" என்று பெயரை மட்டும் சொல்லிக் கருத்து எழுதச் சொல்லுங்கள். ஆன்ம இளைப்பாற்றி என்ற சொல் வேண்டாம். அம்மா எதையும் ஒத்துக்கொள்ளாமலே மகனுக்காகப் பூசை காணலாம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் பெயர் சேர்ப்பது அம்மா சொல்கிற வருஷம் நடக்கட்டும்.

தாள் வேலை தனி. ஏழு வருஷம் செய்தி இல்லாதவரை இறந்தவராகச் சட்டம் கருதும். வங்கிக்கோ வேறெதற்கோ அது தேவைப்பட்டால் நீங்கள் கையெழுத்திடுங்கள், அம்மாவை இழுக்காதீர்கள். அந்தக் கையெழுத்தால் அண்ணனுக்குத் துரோகம் ஒன்றும் ஆகிவிடாது.

இனி நம்பிக்கை. வேதம் சொல்கிற நம்பிக்கை வானிலை அறிவிப்பு மாதிரி "வந்துவிடுவான்" என்று சொல்வது கிடையாது. உயிர்த்தெழுந்த ஒருவர் கையில் அவன் இருக்கிறான், கடல் அந்தக் கைக்கு வெளியே இல்லை என்பதுதான் அது. 1 தெசலோனிக்கேயர் 4:13 துக்கிக்காதே என்று சொல்வதில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போல் துக்கிக்காதே என்கிறது. துக்கம் உண்டு. 88-ஆம் சங்கீதத்தை அம்மாவோடு படியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் துதிக்குத் திரும்பும். இது திரும்பாது, இருளில் முடியும். அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். ஜெபம் என்று பெயர் வாங்க ஒரு புலம்பல் சந்தோஷமாக முடிய வேண்டியதில்லை. ஆறுதல் சொல்ல வருகிறவர் "கடவுள் சித்தம்" என்று தொடங்கினால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அம்மா ராத்திரி தூங்குவதில்லை, சாப்பாடு இறங்குவதில்லை என்றால் 14416, டெலி மனஸ். தமிழில் பேசுவார்கள். மாத்திரை எழுதிக்கொடுத்தால் ஜெபமாலையோடு மாத்திரையும்.

கருங்கல்: டீச்சர், ஒரு காரியம் விட்டுப்போச்சு. குழந்தையில தலையில தெளிச்சது ஞானஸ்நானமே ஆகாது. "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன்", மாற்கு 16:16. முதல்ல விசுவாசம், அப்புறம் முழுக்கு. புது மனுஷன் ஆவணும்னா முழுகணும்.

நெய்யூர்: பிலிப்பி சிறைச்சாலைக்காரன் "அவனும் அவனுடையவர்கள் யாவரும்" ஞானஸ்நானம் பெற்றானே, அப்போஸ்தலர் 16:33. வீட்டுல குழந்தையே இல்லியோ?

கருங்கல்: அடுத்த வசனம் வாசியும் அண்ணா. "தன் வீட்டார் அனைவரோடுங்கூட விசுவாசமுள்ளவனாகி." விசுவாசிக்கத் தெரியாத குழந்தை எங்க இருக்கு?

நெய்யூர்: அப்போ 2:39 "உங்கள் பிள்ளைகளுக்கும்" என்னவாக்கும்?

கருங்கல்: அது வாக்குத்தத்தம். தண்ணி இல்ல.

டீச்சர்: வந்துவிட்டதா. சரி, ஒருமுறை சொல்கிறேன். திதகே என்ற முதல் நூற்றாண்டை ஒட்டிய சபை ஒழுங்கு நூலில் 7-ஆம் அதிகாரம்: ஓடுகிற தண்ணீர் நல்லது, இல்லாவிட்டால் வேறு தண்ணீர், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று தடவை ஊற்று. ஆக அளவு பற்றிய சண்டைக்கு அவர்களே பதில் எழுதிவைத்துவிட்டார்கள். புதிய ஏற்பாட்டில் மறுபடி ஞானஸ்நானம் பெற்றதாக வருவது அப்போஸ்தலர் 19-இல் எபேசுவில், அதுவும் யோவானின் ஞானஸ்நானம் மட்டும் பெற்றிருந்தவர்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவ நாமத்தில் தண்ணீரால் பெற்றதை கத்தோலிக்கரும் சிஎஸ்ஐயும் (தென்னிந்தியத் திருச்சபை) ஒருவருக்கொருவர் ஏற்கிறார்கள், திரும்பக் கொடுப்பதில்லை. பெந்தெகொஸ்தே, பிரதரன், பாப்டிஸ்ட் சபைகள் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. இரட்சணிய சேனை தண்ணீர் ஞானஸ்நானமே கொடுப்பதில்லை. இத்தனை பேரும் நம் மாவட்டத்தில் ஒரே பஸ்ஸில் போகிறவர்கள்.

என் தீர்ப்பு: ஞானஸ்நானம் நான் தேவனுக்குக் கொடுக்கிற சான்றிதழ் என்றால் புதுப்பித்துக்கொண்டே இருக்கலாம். தேவன் எனக்குக் கொடுத்தது என்றால் ஒரு தடவை போதும். மனசாட்சியோடு முழுக்குக்குப் போகிறவரோடு நான் சண்டைக்குப் போவதில்லை, உங்கள் போதகரிடம் முன்னதாகச் சொல்லிவிட்டுப் போங்கள். மனம் சோர்கிற போதெல்லாம் ஒரு முழுக்கு என்று அலைகிறவர்களைத்தான் தடுக்கிறேன்.

ஆற்றில் என்றால் இடுப்பளவுத் தண்ணீர், இரண்டு பக்கமும் ஆள். ஐப்பசி மழையில் குழித்துறை ஆற்றில் இறங்காதீர்கள். கடல் வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அன்று காலை மாத்திரையை விடக்கூடாது.

கருங்கல்: ரோமர் 6-இல "அடக்கம்பண்ணப்பட்டோம்"னு இருக்கே, தெளிச்சா அடக்கம் ஆவுமோ?

நெய்யூர்: எங்க ஊர்ல தலையில மண்ணு போட்டாலும் அடக்கம்தான்.

இரணியல் பக்கம்: டீச்சரம்மா இருக்கேளா? காலையிலிருந்தே கை நடுங்குச்சு. இப்போ செவுத்துல பூச்சி ஊருதுன்னு தட்டிக்கிட்டே இருக்காரு. என்னை யாருன்னு கேக்காரு. அத்தை பிசாசுன்னு சொல்லி பாஸ்டரைக் கூப்பிடப் போறாங்க.

டீச்சர்: எல்லாரும் நிறுத்துங்கள்.

மக்களே, இது பிசாசு அல்ல, குடி நின்றதால் வருகிற வியாதி. இப்போதே 108. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் என்று சொல்லுங்கள். வண்டி வரும்வரை தனியாக விடாதீர்கள், கட்டிப்போடாதீர்கள், லைட்டைப் போட்டு வையுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். சாவிக்கொத்தும் வேண்டாம். டாக்டரிடம் மூன்று விஷயம்: கடைசியாகக் குடித்தது எப்போது, ஒரு நாளைக்கு எவ்வளவு, வேறு என்ன மாத்திரை. வெட்கப்பட்டு அளவைக் குறைக்காதீர்கள். பாஸ்டர் வந்தால் வண்டியில் கூட ஏறட்டும், ஜெபம் போகிற வழியில் செய்யலாம்.

நெய்யூர்: அக்கா, நான் பக்கத்துலதான். ஆள் தேவைன்னா சொல்லுங்க, வாறேன்.

கருங்கல்: ஜெபிக்கிறோம்.

இரணியல் பக்கம்: வண்டி வந்தாச்சு. கொழுந்தனும் கூட வாறான்.

டீச்சர்: போங்கள். போனைப் பார்க்க வேண்டாம்.

மற்றவர்கள் கேள்விகளைப் போடலாம்.

வெள்ளிச்சந்தை: தண்ணி எவ்வளவுன்னு இவ்வளவு நேரம் பேசினீங்க. திருமண விளம்பரத்துல "கிறிஸ்தவ நாடார்", "கிறிஸ்தவ" இன்னது, இன்னதுன்னு போடுகாங்களே, அந்தப் புது மனுஷனுக்கு எந்தத் தண்ணி?

நெய்யூர்: அது சமுதாய வழக்கம் தம்பி. விசுவாசத்துல சேராது.

வெள்ளிச்சந்தை: மாப்பிள்ளை பார்க்கும்போது மட்டும் விசுவாசம் லீவோ?

கருங்கல்: எங்க சபையில அது இல்ல.

வெள்ளிச்சந்தை: உங்க பாஸ்டர் மகளுக்கு எங்க பார்த்தாரு அண்ணா?

டீச்சர்: யார் வீட்டுப் பெண்ணையும் இழுக்காதீர்கள். ஆனால் கேள்வி சரி, இன்றைக்கு வந்த கேள்விகளில் இதுதான் கனமானது.

கலாத்தியர் 3:28-ஐ எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள், "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை." அதற்கு முந்தின அதிகாரத்தை வாசியுங்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆள் வந்ததும் மெல்ல எழுந்து தனிப்பந்திக்குப் போனார். பவுல் எல்லாருக்கும் முன்பாக முகத்துக்கு நேரே கண்டித்தார். பேதுரு உபதேசத்தில் ஒரு வரியையும் மாற்றவில்லை, இலையை மட்டும் மாற்றிப் போட்டார். பவுல் அதைச் "சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்றபடி நடக்கவில்லை" என்கிறார். அப்படியானால் இது சமுதாய வழக்கம், விசுவாசத்தில் சேராது என்கிற நெய்யூர்ப் பதில் பேதுருவுக்கே செல்லவில்லை.

நம் மாவட்டத்தில் இது இன்னும் கூச்சப்பட வேண்டிய காரியம். தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தச் சபைக்கு விதை போட்ட வேதமாணிக்கம் சாம்பவர் குலத்தவர். அவர் கேட்டதால்தான் 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். தோளில் சீலை போட்டதற்கு அடிபட்ட பெண்களுக்கு 1859 ஜூலை 26-இல்தான் மேலாடை போடலாம் என்ற அரச அறிவிப்பு வந்தது. அப்படி மானம் மீட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அடுத்தவனை எந்தத் தட்டில் வைக்கிறோம்? 2022 மே 15-இல் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது பெயரில் "பிள்ளை" என்ற சாதிப் பட்டத்தைச் சேர்க்கவில்லை. 1752-இல் காற்றாடிமலையில் சுடப்பட்டவருக்கு அது கழன்றுவிட்டது, நமக்குக் கழலவில்லை.

என்ன செய்யலாம் என்றால், பெரிய புரட்சி ஒன்றும் கேட்கவில்லை. விளம்பரத்தில் அந்த வரியை எடுங்கள். வரன் பார்ப்பவரிடம் "கிறிஸ்தவர், நல்ல குணம், வேலை" என்று மட்டும் சொல்லி, வருகிறதைப் பாருங்கள். அசன விருந்தில் எந்தக் குடும்பத்துப் பக்கத்தில் ஒருநாளும் உட்காரவில்லையோ அங்கே போய் உட்காருங்கள். உங்கள் வீட்டு அடக்கத்துக்கு வந்த ஊர்க்காரர் வீட்டு அடக்கத்துக்கு நீங்களும் கல்லறை வரைக்கும் போங்கள். அரசாங்கச் சான்றிதழில் சாதி இருப்பது வேறு, இழந்ததை ஈடுகட்ட அது தேவை. அதைத் தூக்கிக்கொண்டு கோயில் முற்றத்துக்கு வராதீர்கள்.

நெய்யூர்: வீட்டுல அப்பாவை யாரு சம்மதிக்க வைக்கது டீச்சர்?

டீச்சர்: நீங்கள்தான். தண்ணீர் விஷயத்தில் காட்டின அந்தப் பிடிவாதம் போதும்.

குலசேகரம்: பேரு மாத்தணுமா டீச்சர்?

டீச்சர்: குழித்துறை. மேலே. குழித்துறை.

சுசீந்திரம்: கடன் நாலு லட்சம், கந்துவட்டி. தசமபாகம் (வருமானத்துல பத்துல ஒண்ணு) கொடுத்தால் கடன் தீரும்னு ஒருத்தர் சொன்னார்.

டீச்சர்: கடனை அடையுங்கள். கந்துவட்டிக்கு எதிராக 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, போலீஸில் புகார் கொடுக்கலாம். வரி வசூலிக்கிற சகேயு இரட்சிப்படைந்த அன்றைக்குப் பேசினது ஏழைகளுக்குக் கொடுப்பதையும் ஏமாற்றினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதையும்தான்.

புதுக்கடை: உலக முடிவு எப்போ?

டீச்சர்: மாற்கு 13:32. பிதாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

ராஜாக்கமங்கலம்: நான் இந்து. கத்தோலிக்கத்துல சேரணும். நேரா ஃபாதர்கிட்ட போய் ஞானஸ்நானம் கேட்டா தருவாங்களா?

டீச்சர்: உடனே தரமாட்டார், தரவும் கூடாது. பெரியவர்களுக்குப் புகுமுக நிலை என்று ஒரு காலம் உண்டு, பொதுவாக ஒரு வருஷம் போல. முதலில் விசாரிப்பு, பிறகு சபை முன்னால் வரவேற்புச் சடங்கு, பிறகு வகுப்பு. தவக்காலத்தின் முதல் ஞாயிறு தேர்ந்துகொள்ளும் சடங்கு. மூன்று, நான்கு, ஐந்தாம் ஞாயிறுகளில் ஆய்வுச் சடங்கு. பாஸ்கா திருவிழிப்பு இரவில் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றும் ஒரே ராத்திரி. ஞானப்பெற்றோர் 16 வயது நிரம்பி, உறுதிப்பூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். சிஎஸ்ஐ என்றால் வகுப்பு, சபையார் முன் ஞானஸ்நானம், பிறகு பேராயர் கையால் திடப்படுத்தல், பிறகு திருவிருந்து. எங்கே போனாலும் கல்யாணமானவர் முதலில் வீட்டில் சொல்லுங்கள். துணைவர் மதம் மாறினால் இந்துத் திருமணச் சட்டப்படி அது விவாகரத்துக்கு ஒரு காரணம். ஒளித்துச் செய்தால் கெடுவது திருமணம்.

"நாளைக்கே தருகிறேன், சாட்சி வீடியோ எடுக்கலாம்" என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். பணமோ வேலையோ தருகிறேன் என்றாலும் அப்படியே.

இரணியல் பக்கம்: அட்மிட் பண்ணியாச்சு. ஊசி போட்டு தூங்குகாரு. நாலைஞ்சு நாள் இருக்கணுமாம். டாக்டர் வழக்கமா எவ்வளவு குடிப்பாருன்னு கேட்டாரு, உள்ளதைச் சொல்லிட்டேன்.

டீச்சர்: நல்லது. வீட்டுக்கு அனுப்பும்போது தருகிற மாத்திரையை அவர் கையில் கொடுக்காதீர்கள், நீங்கள் வைத்து நேரத்துக்குக் கொடுங்கள்.

பூதப்பாண்டி: வகுப்புக்கு வாறேன் டீச்சர். எந்த பைபிள் வாங்கணும்? என்ன கொண்டு வரணும்?

டீச்சர்: சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே என்றால் பழைய திருப்புதல், 66 புத்தகம். கத்தோலிக்க வகுப்பு என்றால் 1995-இன் பொது மொழிபெயர்ப்பு, 73 புத்தகம். தமிழ் வாசிக்கத் தடுமாறுகிறவருக்கும் அதுவே எளிது. பெரிய எழுத்துப் பதிப்பாக வாங்குங்கள், தங்க விளிம்பும் தோல் உறையும் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று, கண்ணாடி போடுகிறவர் கண்ணாடி. பேர் மாற்றணுமா என்ற கேள்வியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.